வெத்து டப்பா ஜெயித்த கதை

தை பிறந்ததும் ஒரு சபதம் எடுத்தேன். இந்த மாதம் முடிவதற்குள் என் டப்பா ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் இந்த வீட்டில் நான் இனி வாயே திறப்பதில்லை.

சபதத்தை என் மனைவி அழகுமீனாவிடம் அறிவித்தேன்.

“ரெண்டாவதா சொன்னீகள்ல, அது நல்லாருக்கு” என்றாள்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் நான் குடித்தனம் நடத்துகிறேன். டப்பா என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடக் காலத்தில் நான் விளையாடிய டிவி கேம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஒயர் தொங்கும் பழைய பெட்டி. எங்கள் வீட்டுப் பெரிய டிவியில் அந்த ஒயரைச் சொருக ஓட்டை கிடையாது. ஓட்டை உள்ள டிவியில் சொருகினாலும் படம் அச்சு விலகிய போஸ்டர் மாதிரி கலங்கித்தான் தெரியும். அந்தப் படத்தை வாங்கி, கழுவித் துடைத்து, புது டிவிக்குத் தகுந்தபடி பளிச்சென்று பெரிதாக்கிக் கொடுக்க ஒரு டப்பா இருக்கிறது. அப்ஸ்கேலர் என்று பெயர். போன வருஷம் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன்.

வந்தது. பிரித்தேன். பின்பக்கம் திருப்பினேன். புது டிவி ஒயருக்கான ஹெச்டிஎம்ஐ ஓட்டை மட்டும்தான் இருந்தது. பழைய ஒயர்களுக்கான பாகம் தனியாக வரும், வாங்கிப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம் என்று கூட வந்த தாளில் போட்டிருந்தார்கள். எப்போது வரும் என்று போடவில்லை. பழைய கேமுக்காகவே செய்த டப்பாவில் பழைய கேமைச் சொருக முடியாது. இந்தக் கொடுமையை நான் யாரிடம் சொல்ல?

நான் சொல்லவில்லை. அழகுமீனா எல்லோரிடமும் சொன்னாள். டப்பாவை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, அதன் மேல் மணிபிளான்ட் தொட்டியை ஏற்றினாள். வருகிறவர்கள் கேட்பார்கள்.

“இது என்னக்கா, தொட்டிக்குக் கீழ?”

“அதுவா? உங்க அண்ணன் சீமையிலேருந்து வரவழைச்ச வெத்து டப்பா. செடிக்கு ஒசரம் வேணும்ல.”

வருஷம் முழுக்க இதே பதில். காபி கொடுக்க மறந்தாலும் இதைச் சொல்ல மறக்கமாட்டாள்.

நான் ஒன்றும் சாதாரண ஆளில்லை. சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் கலர் பார்க்கிறவன் சிவபாண்டி என்றால் தெரியும். காலண்டரில் முருகன் கை வேல் எந்த மஞ்சளில் மின்ன வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்வேன். என் சட்டை எந்தக் கலர் என்பதை அழகுமீனா முடிவு செய்வாள். அவள் ஒரு பட்டாசு கம்பெனியில் ஆர்டர் எடுக்கிறவள். வடநாட்டு டீலர்கள் எல்லாம் போனில் அவளிடம்தான் பேசுவார்கள். எதையும் எழுதிவைக்கும் பழக்கம் இல்லை. யார் எந்த வெடியில் எத்தனை பெட்டி கேட்டார்கள் என்பது அவள் தலைக்குள் இருக்கும். முடியாது என்று சொன்ன டீலர்கூட போனை வைக்கும்போது இரண்டு லோடு சொல்லியிருப்பான்.

எங்கள் வீட்டில் டிவிப் பிரச்சினைக்குக் காரணம் சீசன். அவளுக்கு சீசன் தீபாவளியோடு முடிந்துவிடும். எனக்கு ஆடிப் பதினெட்டில் காலண்டர் சாம்பிள் வெளியே போனால் மார்கழி முடிய மூச்சுவிட நேரமிருக்காது. ஆகவே தீபாவளிக்குப் பிறகு டிவி அவள் கையில். நான் ஓய்ந்து வந்து சோபாவில் உட்காரும்போது டிவி அவள் பெயருக்குப் பட்டாவே ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையாவது எனக்கு விட்டுக்கொடு என்று கேட்டுப் பார்த்தேன். வாரம் முழுக்க ஓடின சீரியலை அன்றைக்குத்தான் மொத்தமாகப் பார்க்க வேண்டும் என்றாள்.

கோபம் அவளுக்கும் இருந்தது. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருதுநகரிலுள்ள அவள் அண்ணன் சங்கரபாண்டியன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். பிரஸ் அன்றைக்கும் ஓடியது. நான் பெரிய மனுஷன்போல் சட்டம் பேசினேன்.

“சாம்பிளக் காட்டி ஆர்டர் புடிச்சாச்சு மீனா. புடிச்சா சப்ளை பண்ணியே ஆகணும். நடுவுல முடியாதுங்கிறவன் சிவகாசிக்காரனே இல்ல.”

“சரிங்க” என்றாள். அன்றைக்கு முழுவதும் எனக்கு நடை கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது.

இப்போது தை மாதம். பொங்கல் கழிந்து நான் வாசலில் நின்றபோது பக்கத்து வீட்டு ராஜசிங் சார் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என்னைப் போலவே பழைய கேம் பைத்தியம்.

“அண்ணாச்சி, ஒங்க டப்பாவுக்கு வாலு வந்திருச்சு” என்றார்.

“என்ன வாலு?”

போனைக் காட்டினார். என் டப்பாதான். அதன் பின்னால் மாட்டும் பாகம். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசையாக ஓட்டைகள். பழைய ஒயர் எதுவானாலும் சொருகலாம் என்று போட்டிருந்தது.

“இது எப்படி சார் ஒங்க கண்ணுல பட்டுச்சு?”

“அது… வந்துச்சு அண்ணாச்சி. போன்ல என்னென்னமோ வருது” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போய்விட்டார். வாத்தியார்களுக்கே ஒரு கூச்சம் உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

நான் எதையும் ரகசியமாகச் செய்யத் தெரிந்தவன். பார்சலை வீட்டுக்கு வரவிடவில்லை. பிரஸ் விலாசம் கொடுத்தேன். பார்சலும் வந்தது. வாங்கப் போனேன்.

“ஓடிபி சொல்லுங்கண்ணே” என்றான் பார்சல்காரன்.

என் போனைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அப்போதுதான் உறைத்தது. எப்போதோ குக்கர் வாங்கும்போது அந்தக் கணக்கில் அழகுமீனாவின் நம்பரைப் போட்டிருந்தோம்.

அவளுக்குப் போன் செய்தேன்.

“மீனா, ஒன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லு.”

“என்ன பார்சல்?”

“பிரஸ்ஸுக்கு ஒரு சாமான்.”

“பிரஸ் சாமானுக்கு எம் போனுக்கு ஏன் நம்பர் வருது?”

“கம்ப்யூட்டர் தப்பு.”

“அப்ப கம்ப்யூட்டர்ட்டயே கேளுங்க.”

பார்சல்காரன் வண்டியை உறுமவிட்டான். “அண்ணே, நான் இன்னும் திருத்தங்கல் போகணும்.”

“மீனா, டப்பாவுக்குப் பின்னாடி மாட்டுற சாமான். போதுமா? நம்பரச் சொல்லு.”

“அந்த வெத்து டப்பாவுக்கு இன்னொரு வெத்து டப்பாவா?”

“இந்தவாட்டி ஓடும்.”

“ஓடலேன்னா?”

“நீ சொன்னபடி கேக்குறேன்.”

கொஞ்சம் யோசித்தாள். அவள் யோசிப்பது போனில்கூடக் கேட்கும்.

“ஓடலேன்னா ஞாயித்துக்கிழமதோறும் எங்க அண்ணன் வீட்டுக்கு வரணும். வந்து அது வத்தல் வெல பேசுறத முழுசா கேக்கணும். நடுவுல போன் நோண்டக் கூடாது.”

என் மச்சான் விருதுநகரில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரி. பேச ஆரம்பித்தால் கேட்கிறவனுக்குத் தும்மல் வந்துவிடும்.

“சம்மதம். ஓடுச்சுன்னா ஞாயித்துக்கிழம டிவி எனக்கு. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும். வெத்து டப்பாங்கிற பேச்சு அதோட நிக்கணும்.”

“சம்மதம். ஆனா வார ஞாயித்துக்கிழம நாலு பேரு பாக்க ஓட்டணும். நாளப்பின்ன ஓடுச்சு ஓடலன்னு பேச்சு வரக் கூடாது.”

“தெருவையே கூப்பிடு” என்றேன். எனக்கு அப்போது அம்புட்டுத் தெம்பு.

நம்பர் சொன்னாள்.

அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தேன். ராஜசிங் சார் மூக்குக்கண்ணாடி ரிப்பேர் செய்கிற குட்டித் திருப்புளியோடு வந்தார். செடியை இறக்கினேன். டப்பாவைத் துடைத்தேன். கழற்றப்போகும்போது அழகுமீனா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

“வெறுங்கையோட தொடாதீக. மொதல்ல சன்னல் கம்பியத் தொடுங்க.”

எங்கள் ஊர்ப் பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கிவிடும். அவள் ஆர்டர் எடுக்கிறவள்தான், ஆனால் ஆலைக்குப் போனால் அவளும் தொட்டாக வேண்டும். அந்தப் பழக்கத்தை என் டப்பாவுக்கும் கொண்டுவந்துவிட்டாள். நானும் சாரும் சன்னலைத் தொட்டுக் கும்பிடாத குறையாக உட்கார்ந்தோம்.

பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு பல்வரிசை தெரிந்தது. புதுப் பாகத்தை அதில் வைத்து அழுத்தினேன். ‘டக்’ என்று உட்கார்ந்தது. ஈயம் பற்றவைக்க வேண்டியதில்லை, நெருப்பு வேண்டியதில்லை. திருகாணியை மாட்டினேன். ஒன்று கைதவறி சோபாவுக்கு அடியில் ஓடியது. கணக்கு வாத்தியார் குப்புறப் படுத்து எடுத்தார்.

“ஓட்டிப் பாத்துருவோமா அண்ணாச்சி?”

“வேண்டாம் சார். ஞாயித்துக்கிழம சபையிலதான். முன்னாடியே பாத்தா ருசி போயிரும்.”

இது என் வாழ்க்கையில் நான் பேசிய வீர வசனங்களில் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தெருவும் வந்தது. எதிர்வீட்டுப் பாண்டிலட்சுமி முன்வரிசையில் உட்கார்ந்தாள். கோடிவீட்டு ராமுத்தாய் அக்கா நாற்காலி வேண்டாம் என்று தரையில் காலை நீட்டிவிட்டாள். ராஜசிங் சார் ஒரு பெரிய பையோடு வந்து மூலையில் நின்றார். பையில் என்ன என்று கேட்டேன். “சும்மா” என்றார்.

நான் நடுக்கூடத்தில் நின்றேன். தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரியிருந்தேன். கேம் பெட்டியின் மஞ்சள் ஒயரைக் கையில் எடுத்தேன். ஓட்டைகளைப் பார்த்தேன். ஒன்றில் ‘ஒய்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தது. பிரஸ்ஸில் நாலு மைக்கு நாலு எழுத்து. ஒய் என்றால் மஞ்சள். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சொருகினேன். சுவிட்சைத் தட்டினேன்.

படம் வந்தது. கருப்பு வெள்ளையில் வந்தது.

“ஏப்பா, எங்க கல்யாணத்துக்கு முந்துன டிவியால்ல இருக்கு” என்றாள் ராமுத்தாய் அக்கா.

“கலர் பாக்குறவுக வீட்டுலயே கலரு இல்லையாம்” என்றாள் பாண்டிலட்சுமி.

எனக்கு வேர்த்துவிட்டது. மனக்கண்ணில் மச்சான் வத்தல் மூட்டை மேல் உட்கார்ந்து என்னை வாங்க மாப்ள என்று கூப்பிட்டார். ஞாயிறு ஞாயிறாகக் கூப்பிட்டார்.

அழகுமீனா எழுந்து வந்தாள். டப்பாவின் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, இங்கன ஒரு ஓட்டைக்கு மஞ்ச வளையம் போட்டிருக்கே. மஞ்ச ஒயரு ஒருவேள அதுக்குத்தானோ என்னமோ.”

“நானும் அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்” என்றேன்.

மாற்றிச் சொருகினேன். இந்தத் தொழிலில் ஒய் என்பது படத்தின் வெளிச்சம் மட்டும் போகிற வழியாம். கலர் வேறு வழியாகப் போகுமாம். ராஜசிங் சார் பிறகு சொன்னார். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

வந்தது பாருங்கள் படம். நீலம் நீலமாக இருந்தது. சிவப்பு சிவப்பாக இருந்தது. ஓரம் கத்தியால் வெட்டியது மாதிரி நின்றது. என் பழைய கேம் வீரன், உள்ளங்கை அளவு இருந்தவன், ஆள் உயரத்துக்கு நின்று குதித்தான். நானும் குதித்தேன். ராஜசிங் சார் கைதட்டினார். பாண்டிலட்சுமி, “பரவாயில்லண்ணே, நல்லாத்தான் தெரியுது” என்றாள். வருஷம் முழுக்க என் தலையில் இருந்த செடி அன்றைக்குத்தான் இறங்கியது.

“என்ன மீனா, வெத்து டப்பாவா?”

“இல்லீங்க. ஜெயிச்சுட்டீக” என்றாள். முகத்தில் வருத்தமே இல்லை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான். “ஆனா இது பொம்ம விளையாட்டுத்தான. வீடியோ கேசட்டெல்லாம் இதுல ஓடாதுல்ல?”

“ஓடாதா?” நான் மார்பைத் தட்டினேன். “மூணு ஒயர் உள்ளது எது வந்தாலும் ஓடும். டெக்கு வந்தா டெக்கு ஓடும். இந்தத் தெருவுல இருக்கிற பழைய சாமான் எல்லாத்தையும் ஓட்டிக் காட்டுறேன்.”

ராஜசிங் சார் பையைத் திறந்தார். உள்ளே அவர் வீட்டு வீடியோ டெக் இருந்தது. அழகுமீனா பீரோவைத் திறந்தாள். பட்டுச்சேலைகளுக்கு அடியிலிருந்து எங்கள் கல்யாணக் கேசட்டை எடுத்தாள். டெக்கு கெட்டுப்போனதிலிருந்து அது அங்கேதான் கிடந்தது. ஒயரை மாற்றிச் சொருகினேன்.

தாலி கட்டுவது ஓடியது. “யாரது, ஈக்குச்சி மாதிரி மாப்ள?” என்றாள் பாண்டிலட்சுமி. எல்லோரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். அடுத்து பந்தி வந்தது.

பந்தியில் என் மாமனார் நின்றார். ஆனைக்குட்டத்தில் நெல்லும் பருத்தியும் போட்ட பெத்தணன். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. வீட்டில் மாலை போட்ட போட்டோ ஒன்று இருக்கிறது. அதில் அவர் பேசமாட்டார். இதில் பேசினார்.

“ஏலே, மாப்ள வீட்டாளுகளுக்கு மொதல்ல பாயாசத்த ஊத்துலே. அங்கன என்ன வேடிக்க?”

பிறகு திரும்பி நேரே எங்களைப் பார்த்தார். “என்னைய எதுக்குப்பா எடுக்க? அங்கன என் பிள்ள நிக்குது பாரு. அதப் போயி எடு.”

அழகுமீனா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள். “திருப்பி ஒருக்கா ஓட்டுங்க” என்றாள். ஓட்டினேன். மாமனார் மறுபடியும் பாயாசம் ஊற்றச் சொன்னார். என் டப்பா இப்படி ஒரு காரியம் செய்யும் என்று நான் நினைக்கவே இல்லை.

ராமுத்தாய் அக்கா மூக்கைச் சிந்தினாள். “ஏப்பா சிவபாண்டி, எங்க வீட்டுலயும் ஒரு கேசட்டு கெடக்கு. எங்க வீட்டாளு இருந்தப்ப எடுத்த காதுகுத்து. ஓட்டித் தருவியா?”

“கொண்டாங்கக்கா” என்றேன். வெற்றி பெற்றவன் தாராளமாகத்தானே பேசுவான்?

“எங்க அக்கா சடங்குக் கேசட்டு இருக்குண்ணே” என்றாள் பாண்டிலட்சுமி.

“கொண்டாம்மா. எல்லாத்தையும் கொண்டாங்க.”

“சாம்பிள் பாத்துக்கிட்டீகள்ல எல்லாரும்?” என்று அழகுமீனா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

சபை கலைந்தது. ராஜசிங் சார் டெக்கைப் பையில் எடுத்து வைக்காமலே கிளம்பினார்.

“சார், டெக்கு?”

“இருக்கட்டும் அண்ணாச்சி. இனி இங்கனதான வேணும்.”

“ஆமா, நீங்க எப்படி சரியா இன்னைக்குன்னு பாத்து இதத் தூக்கிட்டு வந்தீக?”

சார் அழகுமீனாவைப் பார்த்தார். அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். சார் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

“ஒங்க வீட்டம்மா பொங்கலுக்கு முந்தியே தூசி தட்டி வைக்கச் சொன்னாக அண்ணாச்சி. அந்த வாலு வந்த சேதியும் அவுக அனுப்புனதுதான். நானே பாத்துக் கண்டுபுடிச்ச மாதிரி ஒங்கள்ட்ட காட்டச் சொன்னாக.”

அடுக்களை வாசலில் போய் நின்றேன்.

“மீனா, கேசட்டு பாக்கணும்னு நேரா என்ட்ட கேட்டிருந்தா வாங்கித் தந்திருப்பேன்ல?”

“கேட்டா அடுத்த சீசன் பாப்போம்பீக. வெத்து டப்பான்னா ஓடிப்போயி வாங்குவீக.”

நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. யோசித்துப் பார்த்தால் ஜெயித்தது நான்தான். டப்பா ஓடியது. பந்தயம் ஊருக்கே தெரியும். சோபாவில் போய் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டினேன்.

“எது எப்படியோ. வார ஞாயித்துக்கிழமையிலேருந்து டிவி எனக்கு. பேச்சு மாறக் கூடாது.”

“மாறாதுங்க. டிவி ஒங்களுக்குத்தான். நான் அந்தப் பக்கமே வரல” என்றாள். “வார ஞாயித்துக்கிழம காலையில ராமுத்தாய் அக்கா காதுகுத்து. சாயங்காலம் பாண்டிலட்சுமி வீட்டுச் சடங்கு. அதுக்கடுத்து பியூலா டீச்சர், அதான் ராஜசிங் சார் வீட்டம்மா, சர்ச்சுல எடுத்த அவுக கல்யாணம் ரெண்டு கேசட்டு. மாசி முழுக்க எங்க கம்பெனி ஆளுக. கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு எங்க அண்ணன் குடும்பத்தோட வருது, மொத்தம் ஒரு மூட்ட கேசட்டு இருக்காம். ஓடுறப்ப பக்கத்துல ஒக்காந்து வெளக்கம் சொல்றேன்னிருக்கு.”

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

“இதெல்லாம் எப்ப நடந்துச்சு?”

“நீங்க குதிச்சுக்கிட்டிருந்தப்ப பாதி. மீதி போன்ல.”

“என்னால முடியாது மீனா. எல்லாருக்கும் முடியாதுன்னு சொல்லிரு.”

“சாம்பிளக் காட்டி ஆர்டர் புடிச்சாச்சுங்க. நடுவுல முடியாதுங்கிறவன் யாருன்னு மார்கழியில சொன்னீக?”

மூலையில் என் பழைய கேம் பெட்டி மூன்று ஒயரையும் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தது. அதன் மேல் மணிபிளான்ட் தொட்டி இருந்தது. எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை.

“அப்ப என் கேமு?” என்றேன்.

“ஆடி வரைக்கும் ஆர்டர் ஃபுல்லுங்க. அடுத்த சீசனுக்கு வேணும்னா ஒரு சாம்பிள் காட்டுங்க, பாத்துட்டுச் சொல்றேன்.”